‘இனிஷியலைஸ்’ பண்ணவா?

விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் சில சமயம் ஒரு சின்னப் பெட்டி தானாகவே முன்னால் வந்து நிற்கும். இந்த டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்தால்தான் பயன்படுத்த முடியும் என்று சொல்லும். எம்பிஆர், ஜிபிடி என்று இரண்டு வட்டம். கீழே ஓகே, கேன்சல். கடையிலிருந்து இப்போதுதான் வாங்கி வந்த புது டிஸ்க்கை மாட்டியவருக்கு இது சரியான கேள்வி. பல வருட வேலை மொத்தமும் உள்ளே இருக்கிற டிஸ்க்கை மாட்டியவருக்கும் அதே பெட்டிதான், அதே வார்த்தைதான், அதே ஓகேதான். உள்ளே ஏதாவது இருக்கலாம், யோசித்து அழுத்து என்று அது ஒரு வார்த்தை சொல்லாது.

‘நாட் இனிஷியலைஸ்டு’ என்றால் டிஸ்க் காலி என்று அர்த்தமில்லை. கெட்டுப்போய்விட்டது என்றும் அர்த்தமில்லை. பார்ட்டிஷன் அட்டவணை இருக்க வேண்டிய இடத்தில் எனக்குப் புரிகிற மாதிரி எதுவும் இல்லை, அவ்வளவுதான் விண்டோஸ் சொல்ல வருவது. நூறு பக்க நோட்டில் முதல் பக்கம் மட்டும் தெரியாத மொழியில் இருக்கிறது, மிச்சப் பக்கத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் “இது புது நோட்டுதானே, பேர் எழுதி அட்டை போட்டுடவா?” என்று ஒருவர் கேட்டால் எப்படி இருக்கும்? அப்படி.

2023 டிசம்பரில் இந்தப் பெட்டி எங்கள் மாமா கடைக் கம்ப்யூட்டரில் வந்து நின்றது.

மாமாவுக்குத் திருவொற்றியூரில், எர்ணாவூர் போகிற வழியில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா, கட்சிக்காரர் பிறந்தநாள் என்று இந்தப் பக்கத்துக் குப்பங்களில் நடக்கிற முக்கால்வாசி விசேஷம் அவர் கேமராவுக்குள்தான் இருக்கும். மிக்ஜாம் புயல் நினைவிருக்கும். டிசம்பர் 3, 4 இரண்டு நாளும் கொட்டிவிட்டு, 5-ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரை கடந்தது. புயல் போய்விட்டது, தண்ணீர் போகவில்லை. அந்தத் தண்ணீரோடு மணலித் தொழிற்பேட்டைப் பக்கத்திலிருந்து எண்ணெயும் வந்தது. பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு, எண்ணூர் முகத்துவாரம் என்று படர்ந்து, எர்ணாவூர்த் தெருக்களில் வீட்டுக்குள்ளேயும் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் அது நின்ற உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. படகு கறுப்பு, வலை கறுப்பு, கோழி கறுப்பு.

ஸ்டூடியோவுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கம்ப்யூட்டர் மேஜை மேல் இருந்ததால் தப்பித்தது என்று நினைத்தோம். நான்கு நாள் கரண்ட் இல்லை. கரண்ட் வருவதற்கு முன்னாடியே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள், கையில் ஆல்பத்தோடு. எண்ணெய்த் தண்ணீரில் ஊறின கல்யாண ஆல்பத்தைத் துடைக்கவே முடியாது. துடைத்தால் எண்ணெயோடு முகமும் வந்துவிடும். எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: “அண்ணே, ஒங்ககிட்ட இருக்கும்ல?” அதில் ஒரு அக்கா, 2017-இல் கல்யாணம் ஆனவர். அவர் வீட்டுக்காரர் அதற்கப்புறம் கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. “போன்ல நாலஞ்சுதான் இருக்கு, அதுவும் அவரு சரியா விழல” என்றார். மாமா கொஞ்சமும் யோசிக்காமல், “எல்லாம் இருக்கும்மா, கரண்ட் வரட்டும்” என்று சொல்லி அனுப்பினார்.

கரண்ட் வந்தது. விண்டோஸ் வந்தது. டி டிரைவ் வரவில்லை.

மாமாவின் கம்ப்யூட்டரில் விண்டோஸ் தனியாக ஒரு சின்ன எஸ்எஸ்டியில் இருக்கும். போட்டோ, வீடியோ எல்லாம் டி டிரைவில். அந்த டி என்பது ஒரே டிஸ்க் இல்லை; மூன்று 4 டிபி ஹார்ட் டிஸ்க்கைச் சேர்த்து மதர்போர்டிலேயே இருக்கிற இன்டெல் வசதியில் ரெய்டு 5 ஆகப் போட்டது. (ரெய்டு என்றதும் எங்கள் அத்தை பயந்தார். வருமான வரி இல்லை அத்தை, இது வேற.) அந்தப் பெட்டி திரையில் நின்றபோது மாமாவின் விரல் மவுஸ் மேல் இருந்தது. “இன்னாபா இது, புதுசா பண்ணவானு கேக்குது. பண்ணா வந்துடுமா?” மழைக்குக் கல்லூரி லீவு, நான் பக்கத்தில்தான் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தேன். “மாமா, வேணாம். கேன்சல் குடு. கைய எடு.”

ஏன் வேண்டாம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பாதிப் பேர் ‘இனிஷியலைஸ் மட்டும் பண்ணா டேட்டா போகாது, ஃபார்மட் பண்ணாதான் போகும்’ என்று நம்புகிறோம். தனி டிஸ்க்காக இருந்தால் அது ஓரளவு உண்மைகூட. ஜிபிடி எழுதினால் 512 பைட் செக்டாராகப் பார்க்கும்போது டிஸ்க்கின் தொடக்கத்தில் 34 செக்டார், கடைசியில் 33 செக்டார், அவ்வளவுதான் மாறும். நடுவில் இருக்கிற டேட்டா அப்படியே இருக்கும். பழைய பார்ட்டிஷன் எங்கே தொடங்கியது என்று தேடி எடுத்துவிடலாம். ஆனால் ரெய்டில் இருக்கிற டிஸ்க்குக்கு அந்த ஓரங்கள்தான் உயிர். இன்டெல் ரெய்டு தன் குறிப்பேட்டை — எந்த டிஸ்க் எத்தனையாவது, எவ்வளவு பெரிய துண்டாக வெட்டியிருக்கிறது, யார் நலம், யார் அவுட் — ஒவ்வொரு டிஸ்க்கின் கடைசிச் செக்டார்களில்தான் எழுதி வைக்கும். ஜிபிடியின் இரண்டாவது பிரதி போய் உட்காருவதும் சரியாக அதே இடத்தில்தான். ஓகே அழுத்தினால் குறிப்பேடு போச்சு.

‘இனிஷியலைஸ்’ என்ற இந்த வார்த்தைக்கு இடத்துக்கு இடம் வேறு அர்த்தம் என்பது இன்னும் மோசம். சர்வர்களில் வருகிற ரெய்டு கார்டுகளிலும் அதே பெயரில் ஒரு மெனு உண்டு. அங்கே ‘ஃபாஸ்ட்’ என்றால் முதலும் கடைசியும் சில மெகாபைட்டைச் சுழியமாக்கும். ‘ஃபுல்’ என்றால் டிஸ்க் முழுவதையும் சுழியமாக்கும். அதே கார்டில் வேறு சர்வரிலிருந்து டிஸ்க்கை மாற்றி மாட்டினால் ‘ஃபாரின்’ என்று காட்டி, இம்போர்ட்டா கிளியரா என்று கேட்கும். அந்நியமாச்சே, கிளியர் பண்ணிடலாம் என்றுதான் தூக்கக் கலக்கத்தில் தோன்றும். லினக்ஸில் எம்டிஅட்ம் கருவிக்கு அசெம்பிள் என்றும் கிரியேட் என்றும் இரண்டு கட்டளை. பழைய ரெய்டைக் கோர்க்க வேண்டிய இடத்தில் கிரியேட் போட்டுக் கைவிட்டவர்கள் உலகம் முழுக்க உண்டு.

சரி, கேன்சல் கொடுத்தாயிற்று. அடுத்து என்ன?

முதல் துப்பு கடிகாரம். திரையின் மூலையில் தேதி 2017 ஜனவரி 1 என்று இருந்தது. மதர்போர்டில் ஒரு ரூபாய் அளவுக்கு ஒரு பட்டன் பேட்டரி இருக்கும், சிஆர் 2032. தினமும் கரண்ட் இருக்கிற வரைக்கும் அது செத்தது யாருக்கும் தெரியாது. நான்கு நாள் மெயினே இல்லாதபோது பயாஸ் எல்லாவற்றையும் மறந்து, தொழிற்சாலையில் வைத்த நிலைக்குப் போய்விட்டது. தேதி மட்டுமா மறந்தது? சாட்டா போர்ட்டுகள் ரெய்டு முறையில் இயங்க வேண்டும் என்பதையும்தான். ரெய்டு போய் ஏஹெச்சிஐ வந்ததும், விண்டோஸுக்கு டி டிரைவ் என்ற ஒன்றே இல்லை. தனித்தனியாக, தலையும் வாலும் புரியாத டிஸ்க்குகள்தான் தெரியும். அப்போதுதான் அது அந்தக் கேள்வியைக் கேட்கிறது. புயலும் வேண்டாம், வெள்ளமும் வேண்டாம். பேட்டரி செத்த எந்த ஆன்போர்டு ரெய்டும் ஒருநாள் இப்படிக் கேட்கலாம். பயாஸில் போய் மறுபடி ரெய்டு என்று மாற்றினால், யாரும் நடுவில் எதையும் எழுதாமல் இருந்தால், பெரும்பாலும் அப்படியே எழுந்து வந்துவிடும்.

எங்களுக்கு அப்படி வரவில்லை. ஏனென்றால் இரண்டாவது துப்பு ஒன்று இருந்தது: டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் தெரிந்தவை மூன்று இல்லை, இரண்டு.

ரெய்டு முறைக்கு மாற்றி, இன்டெல்லின் அந்தப் பழைய கறுப்புத் திரைக்குள் போனால் ‘ஃபெயில்டு’ என்று சிவப்பில் இருந்தது. அதைவிட அதிர்ச்சி, தெரிகிற இரண்டில் ஒன்று இப்போது போனதே இல்லை. ஆகஸ்ட்டிலேயே ரெய்டிலிருந்து கழற்றிவிடப்பட்டது. நான்கு மாதமாக ஸ்டூடியோ இரண்டு டிஸ்க்கில் நொண்டிக்கொண்டு ஓடியிருக்கிறது. மூலையில் மஞ்சள் முக்கோணம் காட்டி அது சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எடிட்டிங் நடுவில் தொந்தரவாக இருக்கிறது என்று கடையில் வேலை பார்த்த பையன் அறிவிப்பையே அணைத்து வைத்திருந்தான்.

ரெய்டு 5 எப்படி வேலை செய்கிறது என்று ஓஎஸ் வகுப்பில் ஐந்து மார்க்குக்குப் படித்திருப்போம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூன்று பேரும் 1988-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வருவது. அதில் ‘ஐ’ என்பதற்கு விலை மலிவு என்று பொருள். பிறகுதான் அது ‘தனித்தனி’ என்று மாறியது. உள்ளே இருக்கிற கணக்கு எக்ஸ்ஓஆர் மட்டும். ஒரு டிஸ்க்கில் 5, இன்னொன்றில் 3 என்றால், மூன்றாவதில் இரண்டின் எக்ஸ்ஓஆர் ஆன 6. 101-உம் 011-உம் சேர்ந்தால் 110. மூன்றில் எது காணாமல் போனாலும் மிச்ச இரண்டை எக்ஸ்ஓஆர் செய்தால் போனது கிடைக்கும். ஒன்று போனால் கிடைக்கும். இரண்டு போனால் கணக்கு இல்லை.

ஆகஸ்ட்டில் அந்த இரண்டாவது டிஸ்க் ஏன் கழன்றது என்பதற்கும் ஒரு கதை உண்டு. மாமா போட்டது சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க். அந்த வகை டிஸ்க் ஒரு செக்டார் படிக்க வரவில்லை என்றால் விடாமல் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும், நிமிடக்கணக்கில்கூட ஆகலாம். ரெய்டு அவ்வளவு நேரம் காத்திருக்காது. பதில் இல்லையா, ஆள் இல்லை என்று பேரை அடித்துவிடும். அதனால்தான் ரெய்டுக்கென்று விற்கிற டிஸ்க்குகள் ஏழு நொடியில் முயற்சியை நிறுத்திக்கொண்டு “இந்த ஒண்ணு முடியல, நீ பாத்துக்கோ” என்று பதில் சொல்லும்படி செய்யப்பட்டிருக்கும். பெட்டி மூட்டை தூக்குகிறவன் மூச்சு வாங்க ஒரு நிமிடம் உட்கார்ந்ததற்கு மேஸ்திரி வருகைப் பதிவேட்டிலேயே கோடு போட்ட மாதிரிதான் இது. டிஸ்க் சாகவில்லை.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் டேட்டா ரெக்கவரி பார்க்கிற ஒரு அண்ணன் எனக்குப் பழக்கம். போன் போட்டேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “யாராவது ஓகே அழுத்துனாங்களா?” இல்லை என்றேன். “அப்ப பாதி வேலை முடிஞ்சுது. மெஷினை ஆஃப் பண்ணிட்டு தூங்கு தம்பி. நாளைக்கு வரேன்.” மறுநாள் அவர் வந்தபோது பையில் 16 டிபி டிஸ்க் ஒன்று, ஸ்க்ரூடிரைவர், பென்சில் ரப்பர் ஒன்று, லினக்ஸ் பென்டிரைவ் ஒன்று. ரப்பர் எதற்கு என்று அப்போது புரியவில்லை.

சுழலாத மூன்றாவது டிஸ்க்கைத்தான் முதலில் பார்த்தார். கையில் எடுத்துக் காதருகே வைத்தார். டக் டக் சத்தம் வந்தால் ஹெட் பிரச்சினை, உடனே நிறுத்த வேண்டும். எந்தச் சத்தமும் இல்லாமல் செத்த மாதிரி கிடந்தால் முதலில் மின்சாரத்தைச் சந்தேகப்பட வேண்டும். இந்த டிஸ்க்குக்கு மின்சாரம் போனது பழைய மோலெக்ஸ் பின்னிலிருந்து சாட்டாவுக்கு மாற்றுகிற ஒரு மலிவு ஒயரில். அதைக் கழற்றினால் உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. எண்ணூர்க் காற்று தெரியும்தானே. ஒரு பக்கம் கடல் உப்பு, இன்னொரு பக்கம் ஆலைப் புகை, நடுவில் கண்டெய்னர் லாரிப் புழுதி. உப்பும் கந்தகமும் சேர்ந்த காற்று செம்பையும் வெள்ளியையும் தின்னும். 2006-இல் ஐரோப்பா எலெக்ட்ரானிக் பொருட்களில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு கொண்டு வந்த பிறகு பல சர்க்யூட் போர்டுகளில் வெள்ளிப் பூச்சு வந்தது. அசுத்தக் காற்றுள்ள ஊர்களில் அவை அரிக்கிற வேகத்தைப் பார்த்து டேட்டா சென்டர்க்காரர்களே தனியாக ஆய்வறிக்கை போட வேண்டி வந்தது. நம் கடைக்கு யார் அறிக்கை போடுவார்கள்? நான்கு நாள் ஈரம், கதவு திறக்காத கடை. மிச்ச வேலையை அது முடித்துவிட்டது.

வேறு ஒயர் மாட்டினார். டிஸ்க் சுழன்றது, ஆனால் நடுவில் நின்று நின்று. அப்போதுதான் ரப்பர் வெளியே வந்தது. டிஸ்க்கின் அடியில் இருக்கிற பச்சை போர்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, உள்பக்கம் மோட்டாரையும் ஹெட்டையும் தொடுகிற கறுத்துப்போன தடங்களைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பொறுமையாக அழித்தார். துகளை ஊதவில்லை, எச்சில் படும் என்று பிரஷ்ஷால் தட்டினார். மாட்டினதும் சீராகச் சுற்றியது. (இதை யூடியூபில் பார்த்துவிட்டு போர்டையே மாற்றிப் பார்க்கலாம் என்று கிளம்பாதீர்கள். இப்போதைய டிஸ்க்குகளில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் போர்டில் ஒரு ராம் சிப்பில் இருக்கும். ‘ஆர்ஓஎம்’ ராம், மெமரி ராம் இல்லை. அதையும் பெயர்த்து மாற்றாமல் அதே மாடல் போர்டை மாட்டினாலும் வேலைக்கு ஆகாது.)

அந்த நிமிடத்தில் மூன்று டிஸ்க்கும் சுழல்கின்றன. ரெய்டைத் திறந்து காப்பி போட ஆரம்பிக்கலாமே என்று மாமா துடித்தார். வெளியே ஆட்கள் வேறு கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அண்ணன் அசையவில்லை. “மொதல்ல நகல். அப்புறம்தான் மூளை.” முதல் டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரத்தில் ‘பென்டிங் செக்டார்’ சுழியமாக இல்லை. அதாவது படிக்க வராத இடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அந்த நிலையில் விண்டோஸை உள்ளே விட்டால், அது தன் பாட்டுக்கு எழுதும், தம்ப்நெயில் போடும், செக்டிஸ்க் ஓட்டட்டுமா என்று கேட்கும். லினக்ஸில் ஏற்றி, டிஸ்க்குகளைப் படிக்க மட்டும் வைத்து, டிடி-ரெஸ்க்யூவில் ஒவ்வொன்றாக நகல் எடுத்தோம். அந்தக் கருவி நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கஷ்டமான இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, கடைசியில் திரும்பி வந்து கெஞ்சும். பரீட்சையில் தெரிந்த கேள்வியை முதலில் எழுதுகிற மாதிரி. 4 டிபி டிஸ்க், நொடிக்கு 150 எம்பி வேகத்தில் போனால்கூட ஏழரை மணி நேரம். மூன்று டிஸ்க்கு. யுபிஎஸ் பேட்டரி நனைந்து போயிருந்ததால் அந்த இரண்டு நாளும் எந்நேரமும் கரண்ட் போகும் என்ற பயத்தோடேயே உட்கார்ந்திருந்தோம். ஒருமுறை போகவும் செய்தது. அது குறிப்பு வைத்திருந்ததால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

இரண்டாவது, மூன்றாவது டிஸ்க் முழுதாக வந்தன. ஆகஸ்ட்டில் பேர் அடிக்கப்பட்ட டிஸ்க், ஒரு செக்டார்கூட விடாமல்! முதல் டிஸ்க்கில் சில இடங்கள் கடைசி வரை வரவேயில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். ஒன்றும் மூன்றும்தான் டிசம்பர் வரைக்கும் ஓடினவை, அவைதான் உண்மை. இரண்டாவது ஆகஸ்ட்டோடு நின்றுபோன டிஸ்க். அதை மறுபடி ரெய்டுக்குள் வலுக்கட்டாயமாகச் சேர்த்தால் ஆகஸ்ட்டையும் டிசம்பரையும் கலந்து சாம்பார் வைத்துவிடும். அதனால் அதைத் தொடவே கூடாது என்றுதான் எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். சரிதான். ஆனால் ஒன்றிலும் மூன்றிலும் மட்டும் கோர்த்தால், முதல் டிஸ்க்கில் படிக்க வராத இடங்களுக்கு மாற்று இல்லை. அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: “ஆகஸ்டுக்கு அப்புறம் யாரும் எழுதாத எடம்னா, அங்க ரெண்டாவது டிஸ்க்கு பழசா?” பழசு இல்லை. 2017-இல் எழுதி அதற்கப்புறம் யாரும் தொடாத இடத்தில், ஆகஸ்ட்டில் இருந்ததும் டிசம்பரில் இருந்ததும் ஒன்றேதான். அங்கே இரண்டையும் மூன்றையும் எக்ஸ்ஓஆர் செய்தால் முதல் டிஸ்க்கின் படிக்க வராத செக்டார் கிடைக்கும். துண்டு எப்படி வெட்டியிருக்கிறது, பாரிட்டி எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்பதெல்லாம் தேவையே இல்லை. ஒரே எண்ணுள்ள செக்டாரில் மூன்றையும் எக்ஸ்ஓஆர் செய்தால் சுழியம், அவ்வளவுதான் விதி. பைத்தானில் இருபது வரி. டிடி-ரெஸ்க்யூ எழுதி வைத்த குறிப்பிலிருந்து மோசமான இடங்களின் எண்ணை எடுத்து, நகல்களில் அந்தந்த இடத்தை நிரப்பினேன். ஐந்து மார்க் கேள்வி இப்படியும் ஒருநாள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

பிறகு நகல்களை மட்டும் வைத்து, படிக்க மட்டும் அனுமதித்து ரெய்டைக் கோர்த்தோம். ஃபோல்டர்கள் வந்தன. படிக்க வராத இடங்கள் மூன்று கோப்புகளில் விழுந்திருந்தன. இரண்டு பழைய ஜேபெக். இரண்டும் முழுதாகத் திறந்தன. மூன்றாவது அக்டோபரில் எடுத்த ஒரு காதுகுத்து வீடியோ. அது ஆகஸ்ட்டுக்குப் பிந்தினது, எனவே எக்ஸ்ஓஆரில் வந்தது குப்பை. நடுவில் சில நொடி பச்சைச் சதுரங்களாக நிற்கும், பிறகு ஓடும். மாமா அந்த வீட்டில் போய் நேரில் சொன்னார். “தாய்மாமன் மடியில உக்கார வெச்ச எடமா போச்சே” என்று அவர்கள் வருத்தப்பட்டார்கள். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

அந்த அக்காவுக்கு மாமா நாற்பது படம் போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து, சாப்பாட்டுப் பந்தியில் அவர் வீட்டுக்காரர் ஓரத்தில் யாருக்கோ தண்ணீர் ஊற்றுகிற ஒரு படத்தைத் தனியாக எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். ஆல்பத்துக்குத் தேறாது என்று மாமா அப்போது ஒதுக்கி வைத்த படம் அது.

அந்த வாரம் முழுக்க, விஷயம் தெரிந்து, நனைந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கையும் சிலர் கொண்டு வந்தார்கள். பலர் அதை வெயிலில் காயவைத்திருந்தார்கள். ஒருவர் அரிசிப் பானையில். சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் காற்றழுத்தம் சரிசெய்ய ஒரு சின்னத் துளை இருக்கும், அது வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். காய்ந்தால் சேறும் உப்பும் தட்டில் ஒட்டிக்கொள்ளும். அப்படியே ஈரத்தோடு கவரில் கட்டி, கரண்ட் கொடுக்காமல், ரெக்கவரி ஆளிடம் கொண்டு போவதுதான் சரி. ஹார்ட் டிஸ்க் நாம் நினைப்பதைவிடக் கெட்டி. 2003-இல் கல்பனா சாவ்லா போன கொலம்பியா விண்கலம் சிதறியபோது கீழே விழுந்து கருகிக் கிடந்த ஒரு சீகேட் டிஸ்க்கிலிருந்து, செனான் வாயுப் பரிசோதனையின் சுமார் 99 விழுக்காடு டேட்டாவை எடுத்தார்கள். அந்த டிஸ்க் எரிந்தது. ஆனால் யாரும் அதில் ஓகே அழுத்தவில்லை.

விடுதியில் இருக்கிற நண்பர்களுக்கு, டிஸ்க் ஒழுங்காக வராமல் போகிற இன்னும் இரண்டு காரணங்களைச் சொல்லிவிடுகிறேன், இரண்டுமே டிஸ்க்கின் தப்பில்லை. பெரிய எக்ஸ்டர்னல் டிஸ்க்கைப் பிரித்து உள்ளே இருப்பதைக் கம்ப்யூட்டரில் நேராக மாட்டினால், சில பெட்டிகளின் யுஎஸ்பி போர்டு 512 பைட் செக்டாரை 4096 என்று மாற்றிக் காட்டிக்கொண்டிருந்திருக்கும். நேராக மாட்டும்போது கணக்கு மாறி அட்டவணை புரியாமல் போகும். மறுபடி அதே பெட்டியில் போட்டால் வந்துவிடும். இன்னொன்று, அப்படிப் பிரித்தெடுத்த டிஸ்க் சுழலவே மாட்டேன் என்றால், சாட்டா மின் இணைப்பின் மூன்றாவது பின்னைப் பாருங்கள். புதிய விதிப்படி அங்கே 3.3 வோல்ட் வந்தால் ‘தூங்கு’ என்று பொருள்; பழைய எஸ்எம்பிஎஸ் எப்போதும் அதைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். டேட்டா பத்திரமாக இருந்துகொண்டே கதவு மட்டும் பூட்டிக்கொண்ட கதைகளில் பெரியது 2009-இல் நடந்தது: சீகேட் 7200.11 டிஸ்க்குகளில் ஒரு ஃபர்ம்வேர் பிழை. உள்ளே இருக்கிற பதிவேடு ஒரு குறிப்பிட்ட எண்ணில் நிற்கும்போது அணைத்துப் போட்டால் பயாஸுக்கே டிஸ்க் தெரியாது. செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் எத்தனை பேரோ.

மாமா இப்போதும் ரெய்டுதான் வைத்திருக்கிறார், ஆனால் இரண்டு டிஸ்க்கில், ஒன்றுக்கொன்று அச்சாக. ரெய்டு கடை ஓடுவதற்கு, பேக்கப் வேறு. ஒரே பெட்டியில், ஒரே எஸ்எம்பிஎஸ்ஸில், ஒரே வெள்ளத்தில் நிற்கிற மூன்று டிஸ்க்கை மூன்று பிரதி என்று எண்ணக்கூடாது என்பதை அவரிடம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கைத் துண்டில் சுற்றி டிபன் கேரியர் பையில் போட்டுக்கொண்டு, மெட்ரோவில் வண்ணாரப்பேட்டை இறங்கி, ஷேர் ஆட்டோவில் ராயபுரம் ஆயா வீட்டுக்குப் போவார். இரண்டாவது மாடி. அங்கே பீரோவில் இருப்பதை எடுத்துக்கொண்டு இதை வைத்துவிட்டு வருவார். ஆயா பீரோவைப் பூட்டும்போது ஒவ்வொரு தடவையும், “இந்த மாசம் யாரு கல்யாணம்டா உள்ள இருக்கு?” என்று கேட்பார். மாமா உட்கார்ந்து சொல்லிவிட்டு, மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவார்.